டர்ன்டேபிள் கை சிக்கினால்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா, வேறு மெஷினா?

ரெக்கார்ட் பாடிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் முள்ளைத் தாங்கும் கை நின்று அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது. அல்லது முள் துள்ளி அடுத்த பாட்டுக்கே போய்விடுகிறது. அல்லது பாட்டெல்லாம் முடிந்தும் கை திரும்பாமல் லேபிள் ஓரத்தில் கரகரவென்று கிடக்கிறது. மூன்றுமே வேறு வேறு கோளாறு, மூன்றுக்கும் ஆகிற செலவும் வேறு. அதனால்தான் ஒருவர் முள்ளை மாற்று என்கிறார், இன்னொருவர் முழுசாகக் கழற்றணும் என்கிறார், மூன்றாவது ஆள் ‘இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குப்பா’ என்று முடித்துவிடுகிறார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு மெஷினுக்குச் சரிதான், உங்கள் மெஷினுக்கு எது சரி என்பதுதான் தெரிய வேண்டும்.

இருக்கிற வழிகள் நான்கு. திறக்காமல் வெளியிலிருந்தே பார்ப்பது, அடிப்பக்கம் திறந்து பழைய கிரீஸை வழித்துச் சுத்தம் செய்வது, மெக்கானிக்கிடம் கொடுப்பது, வேறு மெஷின் வாங்குவது. நிறையப் பேர் இதைக் காசை வைத்து முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால் காசு ரெண்டாம்பட்சம். கை எந்த இடத்தில் சிக்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் நான்கில் இரண்டு வழி தானாகவே அடிபட்டுப் போகும், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை.

முதலில் சிக்குவது ரெக்கார்டா மெஷினா என்று பாருங்கள். ஒரே ரெக்கார்டில், ஒரே பாட்டில், ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் மாட்டுகிறது, மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம். எந்த ரெக்கார்டைப் போட்டாலும் நடுக்கம்பியிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் மாட்டினால் ரெக்கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை, கையோ அதற்கு அடியில் இருக்கும் பல்சக்கரக் கூட்டமோதான் காரணம். இன்ன இடம் என்று இல்லாமல் அங்கங்கே துள்ளினால் முள், அது அழுத்தும் எடை, மேசை இந்த மூன்றில் ஒன்று.

மெஷின்தான் என்று சந்தேகம் வந்தால் கையை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பைசா செலவில்லாத இந்தச் சோதனை சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. பிளக்கைக் கழற்றுங்கள். சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள், அந்தக் காற்றே கையைத் தள்ளும். முள்ளுக்கு உறை இருந்தால் மாட்டுங்கள். கையை வெளிப்பக்கம் இழுக்கும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையை ஏற்றி இறக்கும் கியூ லீவரைக் கீழே இறக்கிவிட்டு, பின்னால் இருக்கும் கவுன்டர்வெயிட்டை, அதாவது எதிர் எடையை, மெல்லத் திருகி, கை மேலே எழும்பாமல் கீழே சாயாமல் மட்டமாக அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். இப்போது முள் மாட்டியிருக்கும் கை நுனியின், அதாவது ஹெட்ஷெல்லின், பக்கத்தில் லேசாக ஊதுங்கள். நல்ல கை அந்த மூச்சுக்கே நகர ஆரம்பித்து, ஸ்டாண்டிலிருந்து நடுக்கம்பிப் பக்கம் வரை எங்கும் தயங்காமல் போகும். ஊதி ஊதிக் கொண்டுபோகும்போது எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறதா அல்லது வந்த வழியே பின்னால் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

தயங்காமல் போய்வந்தால் கையின் பேரிங் சுத்தம், பிரச்சினை ரெக்கார்ட், முள், எடை, மட்டம் இதற்குள்தான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லா இடத்திலும் கனமாக இழுத்தால் பேரிங், இல்லாவிட்டால் கை உரசிக்கொண்டு போகும் லிஃப்ட், அதாவது கையை ஏற்றி இறக்கும் தாங்கி. ஓரிடத்துக்கு மேல் போகாமல் மெதுவாகப் பின்வாங்கினால் கைக்குள் ஓடும் ஒயர். வெளியில் எல்லாம் சரியாக வந்து, கடைசிப் பாட்டு வரும் பகுதிக்குள் நுழைந்ததும் மட்டும் கனத்தால் ஆட்டோமேட்டிக் இயக்கம், அதாவது பாட்டு முடிந்ததும் கையைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும் அந்தக் கூட்டம். நம்ம ஊர் சினிமா இ.பி. என்ற சின்ன ரெக்கார்ட் வைத்திருப்பவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் ஏழு அங்குலத் தட்டில் முள் ஆரம்பத்திலேயே பாதி தூரம் உள்ளே வந்துதான் இறங்குகிறது. பெரிய தட்டான எல்.பி. எல்லாம் பாடும், இ.பி.யில் ரெண்டாவது பாட்டு மட்டும் மாட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த ஆட்டோமேட்டிக் மேல்தான்.

கை தானாகவே போய் இறங்கித் தானாகவே திரும்பும் ஃபுல்-ஆட்டோ மெஷின்களில் விலை குறைந்தவற்றில் கவுன்டர்வெயிட் திருகுவதற்கே இருக்காது. அதில் ஹெட்ஷெல் பிடியை ஒரு விரல் நுனியில் தாங்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள். அவ்வளவு துல்லியமாகத் தெரியாது, ஆனாலும் எந்த இடத்தில் கனக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

சரி, முதல் வழிக்கு வருவோம், திறக்காமல் பார்ப்பது. வடசென்னையில் எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தூசி பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் பெயர் எழுதலாம். அந்தத் தூசி ரெக்கார்டின் பள்ளத்துக்குள் போய் முள்ளின் அழுத்தத்தில் இறுகி உட்கார்ந்தால் ரெக்கார்ட் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் விளக்கும் லிக்விட், மென்மையான மைக்ரோஃபைபர் துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைப்பது, லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. கடைசியாக அலசுவதற்கு மட்டும் போர் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு காய்ந்ததும் பள்ளத்துக்குள்ளேயே தங்கி, சிக்கல் போய்ப் படபடப்பு வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் போதும், தண்ணீர்தானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பக்கத்திலேயே ஆசிட்டும் விற்பார்கள். தாத்தா காலத்து 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று) என்றால் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அந்தத் தட்டில் இருக்கும் அரக்கு கரைந்துவிடும். அப்புறம் 78-க்கு முள்ளே வேறு, எல்.பி. முள்ளை அதில் வைத்தால் அகலமான பள்ளத்தின் அடியில் போய் அலைந்துகொண்டே இருக்கும், அதைச் சிக்கல் என்று நினைத்து மெஷினைத் திறப்பது வீண்வேலை.

முள்ளைப் போன் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், முடிந்தால் பூதக்கண்ணாடியும். நுனியில் பஞ்சுச் சுருள் ஒட்டியிருந்தால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் பிரஷ் போடுங்கள். முள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது, புது முள்தான்.

எடை விஷயத்தில்தான் நம் வீடுகளில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது, முள் துள்ளினால் ஹெட்ஷெல் மேல் ஒரு காசு வைப்பது. 2011 வரிசை ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு (முள் பொருந்தியிருக்கும் சின்னப் பெட்டி) சொல்லியிருக்கும் அழுத்தம் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு 1.8 முதல் 2.2 கிராம், விலை குறைந்த மெஷின்களில் வரும் ஏடி3600எல் கொஞ்சம் கனமாக 2.5 முதல் 3.5 கிராம் வரை தாங்கும். அதன் மேல் இன்னும் ஏறக்குறைய நாலு கிராம் ஏற்றினால் பாட்டு ஓடத்தான் செய்யும், ஆனால் சிக்கலுக்கான காரணம் அப்படியே இருக்க, முள்ளும் பள்ளமும் சேர்ந்து தேயும். காசு வைத்தால் ஓடுகிறது என்றால் அதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம், அழுத்தம் குறைவு அல்லது கையை ஏதோ பிடிக்கிறது என்று தெரிகிறது, அதோடு காசை எடுத்துவிட வேண்டும். அழுத்தத்தை அளக்கத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். சௌகார்பேட்டையில் நகைக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் பாக்கெட் தராசு, 0.01 கிராம் காட்டுவது, அதுவே போதும். முள் உட்காரும் உயரம் ரெக்கார்டின் உயரத்துக்குச் சமமாக இருக்கும்படி, ரெக்கார்ட் உட்காரும் சுழல்தட்டான பிளாட்டரை எடுத்துவிட்டோ தராசைத் தாழ வைத்தோ அளக்க வேண்டும், உயரம் மாறினால் எண் மாறும்.

ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கைப் பொதுவாக அழுத்தத்துக்கு இணையான எண்ணில் வைப்பார்கள். ரெக்கார்ட் சுற்றும்போது கை இயல்பாகவே உள்பக்கம் இழுபடும், அதை எதிர்த்து வெளியே இழுப்பதுதான் இதன் வேலை. ஆகவே பாட்டு முன்னால் துள்ளி ஓடினால் இது குறைவாக இருக்கலாம், அதே வரிக்குத் திரும்பித் திரும்பி வந்தால் இது அதிகமாக இருக்கலாம். பூஜ்யத்தில் வைத்ததும் திரும்பப் பாடுவது நின்றால் காரணம் கையோடு கிடைத்துவிட்டது. நூலில் எடை தொங்கும் வகையாக இருந்தால் நூல் கொக்கியை விட்டு நழுவி எங்கேயாவது சிக்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

லிஃப்ட்டை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. லீவரைக் கீழே இறக்கினாலும் கைக்கு அடியில் இருக்கும் அந்த வளைந்த தாங்கி முழுசாக இறங்காமல் அரை மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும், முள் பள்ளத்தில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருக்கும், தாங்கியின் ரப்பர் கையைப் பிடித்து இழுக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ரெக்கார்டை நிறுத்திவிட்டு முள்ளைப் பள்ளத்தில் வைத்து, பேப்பரில் ஒரு ரிப்பன் அகலத்துக்குக் கிழித்து, தாங்கிக்கும் கைக்கும் நடுவில் செருகி மெல்ல இழுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, லேபிள் பக்கம் ஒரு தடவை. எங்கேயும் உரசாமல் வரவேண்டும். உரசினால் பல மெஷின்களில் தாங்கியின் உயரத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அரைத் திருகல் போதும். ஸ்க்ரூ திருகியும் இறங்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் தண்டு உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும், அல்லது அதில் போட்டிருந்த சிலிக்கான் எண்ணெய் இறுகியிருக்கும். காசிமேடு, ராயபுரத்தில் கடலைப் பார்த்த வீடுகளில் இரும்பு என்ன பாடு படும் என்று தெரியும்தானே.

மட்டம் பற்றி ஒரே வரி, போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் அல்லது கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் எதுவானாலும் பிளாட்டர் மேல் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை கன்டெய்னர் லாரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய வீட்டில் மரப்பலகை மேசையில் மெஷின் வைத்தால் ராத்திரி டிரெய்லர் போகும் நேரத்தில் முள் துள்ளத்தான் செய்யும். சுவரில் அடித்த ஷெல்ஃபில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம். பகலில் சரியாக ஓடி ராத்திரி மட்டும் துள்ளும் மெஷினுக்கு மெக்கானிக் என்ன செய்வார், பாவம்.

இரண்டாவது வழி, திறப்பது. ஊதிப் பார்த்ததில் உள்பக்கம் மட்டும் கனத்தது என்று தெரிந்தவர்களுக்கு இதுதான் நேரான வழி. ஃபுல்-ஆட்டோ, செமி-ஆட்டோ மெஷின்களில் பிளாட்டருக்கு அடியில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும், அதன் மேல் ஒரு சின்ன நெம்பு, அந்த நெம்பைத் தள்ளுவது கையோடு சேர்ந்த ஒரு பட்டை. கடைசிப் பாட்டு முடிந்து முள் வேகமாக உள்ளே ஓடும்போது பட்டை நெம்பைத் தட்டும், நெம்பு பல்லில் மாட்டும், சக்கரம் ஒரு சுற்று சுற்றிக் கையைத் தூக்கித் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும். பாட்டு ஓடும்போது பட்டை நெம்பை மிக லேசாக உரசிக்கொண்டே வரும்படிதான் இதை வடிவமைத்திருப்பார்கள். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் முப்பது நாற்பது வருஷத்தில் நாள்பட்ட கோந்தாட்டம் இறுகி, நெம்பு அதன் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது முள் பாட்டையும் பாட வேண்டும், ஒட்டிப்போன நெம்பையும் தள்ள வேண்டும், ரெண்டு கிராம் அழுத்தத்தில் அதனால் முடியாது, பள்ளத்தை விட்டு ஏறிப் பின்னால் குதிக்கும். அதே ஒட்டல்தான் சில சமயம் கையைத் திரும்ப விடாமல் லேபிள் ஓரத்தில் நிறுத்தி வைப்பதும்.

வேலை சுலபம், பொறுமைதான் வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், பழைய மெஷின்களில் மோட்டார் சுவிட்சின் 230 வோல்ட் முனை மூடியில்லாமல் அடியில் இருக்கும். முள்ளைக் கழற்றித் தனியே வையுங்கள், கையைக் கட்டுங்கள், பிளாட்டரைத் தூக்குங்கள். சக்கரம் நடுவிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாட்டரை மறுபடி வைத்துக் கையால் வலப்பக்கமாக மெல்லச் சுற்றினால் தன் சுற்றை முடித்துக்கொண்டு அதுவாகவே விடும். ஒவ்வொரு கிளிப்பைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு போட்டோ எடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பழைய டூத்பிரஷ் இவற்றை வைத்துப் பழைய கிரீஸ் முழுவதையும் எடுங்கள். ராயபுரத்துப் பழைய வீட்டு மெஷின் என்றால் பஞ்சு கறுப்பாக வரும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் அதன் தூள் எதற்குள்தான் போகவில்லை. முடிந்ததா என்று தெரிய ஒரு அடையாளம் உண்டு. அந்தச் சின்ன நெம்பை விரலால் தொடாமல் ஊதினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் ஒருமுறை ஆல்கஹால்.

திரும்பப் பூசும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். பெரிய சக்கரமும் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இடங்களில் வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் மெல்லிசாக. பிளாட்டர் சுற்றும் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு. நெம்பின் அச்சு காய்ந்தே இருக்கட்டும், அதை உரசும் பட்டையின் நுனியும் அப்படியே. டபிள்யூடி-40 இதற்கு வேண்டாம், முதல் வாரம் பிரமாதமாக ஓடும், அப்புறம் அதுவே பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் ஊற்றுகிறார்கள்.

ஜெர்மன் டூயல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கை மேலே தூக்கும், ஆனால் பக்கவாட்டில் நகராமல் அங்கேயே நிற்கும், அல்லது எங்கேயோ போய் இறங்கும். கிரீஸை எல்லாம் மாற்றியும் இப்படியென்றால், உள்ளே ஒரு சின்ன ஊசி மேல் மாட்டியிருக்கும் நெல்லளவு உறை நொறுங்கிப் போயிருக்கும். அந்த உறையின் பிடிப்பில்தான் கை நகர்கிறது. சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய வகை வால்வ் டியூப்பில் ரெண்டு மூன்று மில்லிமீட்டர் நறுக்கி மாட்டினால் வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வரவழைக்கும் முன் மூலைக்கடை சைக்கிள்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

திறக்கும் வழிக்குள்ளேயே ஒரு குறுக்குவழியும் உண்டு, ஆட்டோமேட்டிக்கையே துண்டித்துவிடுவது. கைக்கும் நெம்புக்கும் நடுவில் இருக்கும் பட்டையைக் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வைத்துவிட்டால் கையை இழுக்க எதுவும் இருக்காது. பாட்டு முடிந்ததும் நாமே எழுந்து போய்த் தூக்க வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 1972-இல் வந்தது, இன்றுவரை அதன் கைக்கு ஆட்டோமேட்டிக்கே கிடையாது, யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து, பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்காத மெஷினுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் துண்டிக்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும். சில மெஷின்களில் கையை உள்ளே நகர்த்தினால்தான் மோட்டார் ஓட ஆரம்பிக்கும், அந்த சுவிட்சும் இதே கூட்டத்தில்தான் இருக்கும். அதையும் சேர்த்துத் துண்டித்தால் மெஷின் சுற்றவே சுற்றாது. பாட்டு போட்டுவிட்டுத் தூங்கிப்போகும் பெரியவர்கள் வீட்டிலும் இது வேண்டாம், முள் விடிய விடிய லேபிள் ஓரத்தில் உரசிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி மெக்கானிக். பேரிங், ஒயர் இந்த இரண்டுக்கும்தான் நான் மெக்கானிக்கைச் சொல்வேன். பேரிங்கில் கூரான ஸ்க்ரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும், நூலளவு கூடுதலாக இறுக்கினால் கை கனக்கும், நூலளவு தளர்ந்தால் கை ஆடும், கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் குண்டுகள் சிதறி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ஹெட்ஷெல்லைப் பிடித்து மிக மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் டக் என்று ஒரு சின்ன விளையாட்டு தெரிந்தாலே அது தளர்ந்திருக்கிறது. ஒயர் என்பது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான நாலு இழை, சிவப்பும் பச்சையும் வலதுக்கு, வெள்ளையும் நீலமும் இடதுக்கு. கைத் தூணின் அடியில் அவை தளர்வாக ஒரு வளையம் போட்டு வர வேண்டும். வருஷம் ஆகி அந்த இழைகள் விறைத்துப் போனாலும், முன்னால் யாரோ பழுது பார்த்தபோது கையில் கிடைத்த தடிமனான ஒயரைப் போட்டுப் பற்ற வைத்திருந்தாலும், அது ஸ்பிரிங்காக வேலை செய்து கையைப் பின்னால் இழுக்கும். மிதக்கவிட்ட கை பின்வாங்கியது என்றேனே, அது இதனால்தான்.

யாரிடம் கொடுப்பது? ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் கைகாரர்கள் நிறைய, அவர்களில் சிலருக்கு டர்ன்டேபிளும் தெரியும். ஆனால் கை என்பது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, நுணுக்கமான இரும்பு வேலை. வாட்ச் ரிப்பேர் செய்கிறவருக்கோ, பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் தையல் மிஷின் பார்க்கும் பெரியவருக்கோ பேரிங்கின் நுட்பம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். யாராக இருந்தாலும் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்.

“அண்ணே, கையோட பேரிங்குக்கு என்ன எண்ணெய் போடுவீங்க?”

“அதுக்கு இன்னாத்துக்குப்பா எண்ணெய், தொடச்சு வுட்டாலே போதும்” என்று பதில் வந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். வாட்ச் எண்ணெய் ஊசி முனையில் தொட்டு வைப்பேன் என்றாலும் சரி. ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிக் காட்டினால் மெஷினோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பேரம் பேசும்போது கழற்றும் பழைய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

கொண்டுபோகும்போது பிளாட்டர், கவுன்டர்வெயிட், ஹெட்ஷெல் மூன்றையும் தனித்தனியாகச் சுற்றி, கையை ஸ்டாண்டோடு கட்டி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் வைத்து வியாசர்பாடிப் பக்கப் பள்ளம் மேட்டில் ஏற்றி இறக்கினால் இல்லாத கோளாறும் சேர்ந்து வரும்.

நான்காவது, வேறு மெஷின். செகண்ட் ஹேண்டா புதுசா என்பது தனிக் கேள்வி. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த கடைகளிலும், பர்மா பஜாரிலும் பழைய மெஷின் கண்ணில் படும். அங்கே வாங்கும் மெஷினில் உங்கள் மெஷினில் இருக்கும் அதே இறுகிய கிரீஸ்தான் இருக்கும், வயசு ஒன்றுதானே. அதனால் பழையதை மாற்றப் பழையது வாங்குவது, உங்களுடையதில் பல் உடைந்தோ கை வளைந்தோ இருந்து, அதே மாடல் பார்ட்ஸுக்காகக் கிடைத்தால் மட்டும் லாபம். கடையில் ஊதிப் பார்க்கும் சோதனையை அங்கேயே செய்துவிடுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படியுங்கள். 100, 110 வோல்ட் மெஷினுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 60 ஹெர்ட்ஸ் கப்பி போட்ட ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சரி செய்யாது.

புதுசு என்றால் ஓரளவு நல்ல மெஷினுக்கு விலை ஐந்து இலக்கத்தில் இருக்கும். ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் வகை ஃபுல்-ஆட்டோ மெஷின், பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்குச் சரி, ஆனால் அதில் எடையை மாற்ற முடியாது, வளைந்த ரெக்கார்ட், தேய்ந்த ரெக்கார்டுக்கு ஏற்றபடி எதையும் சரிசெய்ய முடியாது. இன்னும் கூடுதலாகக் கொடுத்து எல்பி120எக்ஸ் மாதிரி மேனுவல் மெஷினுக்குப் போனால் சிக்குவதற்கான ஆட்டோமேட்டிக் கூட்டமே அதில் இல்லை. சிக்கல் வெறுத்துப்போய்ப் புதுசு வாங்குகிறவர் மறுபடி ஃபுல்-ஆட்டோவே வாங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை, எழுந்து போக முடியாத உடல்நிலை என்றால் வேறு விஷயம்.

எந்த யோசனையும் இல்லாமல் புதுசுக்குப் போக வேண்டியது தண்ணீரில் கிடந்த மெஷின்களுக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளில் ரெண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த மெஷின், அதிலும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரில் கிடந்தது, பேரிங், மோட்டார், மரப்பெட்டி மூன்றும் போயிருக்கும். அதைத் திறந்து சுத்தம் செய்ய உட்கார்ந்தால் செலவு போய்க்கொண்டே இருக்கும். கார்ட்ரிட்ஜ், ஹெட்ஷெல், கவுன்டர்வெயிட் நன்றாக இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

தண்ணீர் படாத பழைய மெஷினைப் புதுசு வந்ததும் காயலான் கடைக்குப் போடும் முன், அலமாரியில் 78 தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எல்பி60எக்ஸில் 33, 45 வேகம் மட்டும்தான், எல்பி120எக்ஸில் 78 உண்டு, ஆனால் அதற்குத் தனி முள் வாங்கிப் போட வேண்டும். பழைய மெஷினில் 78 வேகம் இருந்து, ஆட்டோமேட்டிக் மட்டும் சிக்குகிறது என்றால் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு 78-க்கென்றே ஒதுக்கி வைப்பது, ரெண்டாவது முள்ளை மாற்றி மாற்றிப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.